பிரஷையும் காப்போம், விரலையும் காப்போம்

(மும்பையில் ஒரு தொடர்கல்வி மையத்தில், அழகு நிலையங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்குத் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று நாம் ஒரு பிரஷைப் பற்றிப் பேசப் போகிறோம். சுவருக்கு வெள்ளை அடிக்கும் பிரஷ் அல்ல. பல் துலக்கும் பிரஷும் அல்ல. பார்லரில் அக்ரிலிக் நகம் வைக்கிறார்கள் அல்லவா? அந்த வேலைக்கான பிரஷ். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நுனியில் கொஞ்சம் முடி. விலை சில நூறு ரூபாயில் தொடங்கும். நல்ல பிரஷ் என்றால் ஆயிரக்கணக்கில் போகும்.

இங்கே இருப்பவர்களில் பலர் பார்லரில் உதவியாளராக இருக்கிறீர்கள். பெருக்குவது உங்கள் வேலை. துண்டு துவைப்பது உங்கள் வேலை. கடை மூடும் நேரத்தில் பிரஷைச் சுத்தம் செய்வதும் உங்கள் வேலை. பிரஷ் கெட்டுப்போனால் யாரைக் கேட்பார்கள்? உங்களைத்தான் கேட்பார்கள்.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. பிரஷ் அழுக்காக இருக்கிறதே என்று சுடுதண்ணீரில் ஷாம்பு போட்டு அலசி வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மறுநாள் பார்த்தால் முடி விரிந்து துடைப்பம் மாதிரி நின்றது. அந்த மாதச் சம்பளத்தில் பிரஷின் விலையைப் பிடித்துவிட்டார்கள். அதைத் தண்ணீரில் கழுவக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமல் சம்பளத்தை மட்டும் பிடிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. சரி, அந்தக் கதை இருக்கட்டும். சொல்லித் தராததை நாம் இங்கே கற்றுக்கொள்வோம்.

முதலில் பிரஷில் ஒட்டுவது என்ன என்று பார்ப்போம்.

அக்ரிலிக் நகத்துக்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று பவுடர். இன்னொன்று தண்ணீர் போல இருக்கும் மருந்து. பாட்டிலில் அதற்கு மோனோமர் என்று பெயர் இருக்கும். பார்லரில் நாம் லிக்விட் என்று சொல்கிறோம். பிரஷை லிக்விடில் நனைப்பார்கள். பிறகு பவுடரில் தொடுவார்கள். நுனியில் ஒரு சின்ன உருண்டை சேரும். அதை நகத்தின் மேல் வைத்துப் பரப்புவார்கள். சில நிமிடங்களில் அது கல் போல இறுகிவிடும்.

சிமெண்டு தெரியும்தானே? தண்ணீர் சேர்த்த சிமெண்டு கொஞ்ச நேரம் குழைவாக இருக்கும். பிறகு இறுகும். இறுகிய பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. அதனால்தான் கொத்தனார் வேலை முடிந்த உடனே கரணையைக் கழுவி வைக்கிறார். நாளைக்குக் கழுவலாம் என்று விட்டால் கரணை போச்சு. அக்ரிலிக்கும் அப்படித்தான். பவுடருக்குள் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. லிக்விட் பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும். உருண்டை நகத்தின் மேல் இருந்தாலும் இறுகும். பிரஷின் முடிக்குள் இருந்தாலும் இறுகும். அதற்கு வேறுபாடு தெரியாது.

இந்த வித்தை பல் மருத்துவத்திலிருந்து வந்தது. பல் செட்டு செய்யும் பொருளும் அக்ரிலிக்தான். 1950களில் அமெரிக்காவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர் இருந்தார். தம் உடைந்த நகத்தைப் பல் செட்டுப் பொருளை வைத்துச் சரி செய்தார். அங்கிருந்துதான் இந்தத் தொழில் வளர்ந்தது என்று சொல்வார்கள்.

இப்போது முடிக்கு வருவோம். நல்ல அக்ரிலிக் பிரஷில் இருப்பது விலங்கின் முடி. அதற்குக் கோலின்ஸ்கி என்று பெயர். வீசல் என்று ஒரு சின்ன விலங்கு உண்டு. நம் ஊர்க் கீரியைப் போல நீண்ட உடம்பு. சைபீரியா போன்ற குளிர் நாடுகளில் இருக்கிறது. அதன் வால் முடிதான் கோலின்ஸ்கி. ஒவ்வொரு முடியும் நடுவில் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். நுனி மெல்லியதாக இருக்கும். முடிகள் சேர்ந்து நிற்கும்போது நடுவில் ஒரு வயிறு உண்டாகும். அந்த வயிறு லிக்விடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுனி ஊசி போலக் கூடும். அதனால்தான் இந்த முடிக்கு இவ்வளவு விலை.

கீரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கீரி முடி பிரஷ் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் கீரியைக் காக்கிறது. கீரி முடியில் பிரஷ் செய்வதும் குற்றம். விற்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

கோலின்ஸ்கி என்று எழுதி நைலான் முடியை விற்பவர்களும் இருக்கிறார்கள். நைலான் பிரஷ் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பழகுவதற்கு அது போதும். ஆனால் கோலின்ஸ்கி விலை கொடுத்து நைலான் வாங்கினால் ஏமாற்றம்தானே? புதுப் பிரஷில் ஒன்றிரண்டு முடி தானாக உதிரும். அந்த உதிர்ந்த முடி ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். விலங்கு முடி என்றால் நம் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். நைலான் என்றால் உருகிச் சின்ன மணியாகத் திரளும். இந்தச் சோதனையை லிக்விட் பாட்டில் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். லிக்விட் பட்ட பிரஷில் இருந்து முடி எடுத்தும் செய்யாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

விலங்கு முடி நம் தலைமுடி மாதிரிதான். தண்ணீர் குடித்தால் ஊதும். ஊதிய முடி ஒன்றை ஒன்று தள்ளும். அதனால்தான் அந்த அக்காவின் பிரஷ் விரிந்து நின்றது. தண்ணீரில் இன்னொரு கெடுதலும் உண்டு. பிரஷில் ஈரம் மிச்சம் இருந்தால் அது அடுத்த உருண்டையில் கலக்கும். அப்போது நகம் கண்ணாடி போல வராது. புகை படிந்த மாதிரி மங்கும். சீக்கிரம் பெயரவும் செய்யும். மும்பை மழைக்காலத்தில் துண்டு கூடக் காய்வதில்லை. பிரஷ் எங்கே காயும்?

அப்படியானால் எதில் சுத்தம் செய்வது? லிக்விடில்தான். எந்த லிக்விடில் வேலை செய்தார்களோ அதே லிக்விடில். அக்ரிலிக் குழைவாக இருக்கும்வரை அது லிக்விடில் கரைந்து வந்துவிடும். இதுதான் முழு ரகசியம். வேலை நடக்கும்போதே இரண்டு மூன்று உருண்டைக்கு ஒருமுறை பிரஷை நனைத்துத் துடைக்க வேண்டும். இதை நகம் வைக்கும் அக்காதான் செய்ய வேண்டும். கடை மூடும்போது நீங்கள் வந்து செய்தால் நேரம் கடந்துவிடும். ஆகையால் வேலை தொடங்கும்போதே அவர் பக்கத்தில் நார் உதிராத துணியை மடித்து வையுங்கள். பஞ்சு வேண்டாம். பஞ்சின் இழை பிரஷில் ஒட்டும். பிறகு அது வாடிக்கையாளரின் நகத்துக்குள் போய் உட்காரும்.

துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. பிரஷைச் சாய்த்துப் பிடியுங்கள். பூணிலிருந்து நுனியை நோக்கி இழுங்கள். பூண் என்றால் முடியையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையம். இழுக்கும்போதே கட்டையை மெல்ல உருட்டுங்கள். நுனி தானாகக் கூடும். எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள். குத்தாதீர்கள். பாத்திரம் விளக்குவது போல அழுத்தித் தேய்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நமக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலை நாக்கில் நனைத்து, விரலால் முறுக்கி, ஊசியில் கோப்போம். அதே பழக்கத்தில் சிலர் பிரஷின் நுனியையும் விரலால் முறுக்குகிறார்கள். சிலர் உதட்டில் வைத்தும் கூட்டுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். லிக்விட் தோலில் படக் கூடாது. இறுகி முடிந்த அக்ரிலிக் பெரிதாக ஒன்றும் செய்யாது. இறுகாத லிக்விடும் பாதி இறுகிய பசையும்தான் கெடுதல். அவை தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். விரல் நுனி அரிக்கும். சிவக்கும். தோல் தடித்து வெடிக்கும். சிலருக்குக் கண் இமையும் முகமும் வீங்கும். முதல் நாளே வராது. மாதக் கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருக்கும். பிறகு ஒரு நாள் வந்துவிடும்.

வந்தால் போகாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தால் புண் ஆறும். ஆனால் உடம்பு அந்தப் பொருளை மறக்காது. மறுபடியும் பட்டால் மறுபடியும் வரும். பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். பல் அடைக்கும் பொருளிலும், எலும்பு அறுவையில் வைக்கும் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. அதனால் பின்னாளில் மருத்துவமனையிலும் சிக்கல் வரலாம். வந்தவர்கள் பல் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

என்னுடன் படித்த ஒரு தங்கை பார்லரில் ஒன்றரை வருடம் வேலை செய்தாள். நகம் வைக்கும் வேலை அவளுக்குத் தரவில்லை. பிரஷ் துடைப்பது மட்டும்தான். கையுறை கேட்டாள். "நீ நகமா வைக்கிறாய்? உனக்கு எதற்கு?" என்று கேட்டுவிட்டார்கள். இன்று அவளால் அந்த வேலைக்குப் போக முடியாது. இப்போது துணிக்கடையில் இருக்கிறாள். பிரஷ் துடைப்பவருக்குத்தான் கையுறை முதலில் தேவை. அவர் கையில்தான் லிக்விட் அதிகம் படுகிறது.

எந்தக் கையுறை? பால் வெள்ளையாக இருக்கும் சாதாரண ரப்பர் கையுறை போதாது. லிக்விட் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். நைட்ரைல் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பெரும்பாலும் நீலம் அல்லது கறுப்பு நிறத்தில் கிடைக்கும். அதை வாங்கச் சொல்லுங்கள். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கையுறையில் லிக்விட் கொட்டினால் உடனே கழற்றி எறியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காசை மிச்சம் பிடிக்க ஒரே கையுறையை நாலு நாள் போடாதீர்கள். உள்ளே போன லிக்விட் வெளியே வராது. விரலோடு சேர்ந்து ஊறும்.

வாசனையும் கடுமையாக இருக்கும். துணி முகமூடி தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். லிக்விடின் ஆவியைத் தடுக்காது. ஜன்னலைத் திறக்க வேண்டும். அல்லது காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஓட வேண்டும். ஏ.சி. வீணாகும் என்று முதலாளி சொல்லலாம். பிரஷ் சுத்தம் செய்யும் கால் மணி நேரமாவது திறந்து வைக்கக் கேளுங்கள். லிக்விட் கிண்ணத்துக்கு எப்போதும் மூடி போடுங்கள்.

இனி நெருப்பு. லிக்விட் எளிதில் தீப்பிடிக்கும். அசிட்டோன் இன்னும் வேகமாகப் பிடிக்கும். கல்லாப்பெட்டி அருகே சாமி படம் இருக்கும். காலையில் ஊதுவத்தி ஏற்றுவார்கள். ஊதுவத்தி அணைந்த பிறகு பாட்டிலைத் திறவுங்கள். முடியைக் கொளுத்தும் சோதனையைத் தள்ளிப் போய்ச் செய்யச் சொன்னதும் இதனால்தான்.

பாட்டிலைப் பற்றி இன்னொரு செய்தி. இங்கே நம் எழுத்துப் படிப்பு நேராக உதவும்.

லிக்விட் என்று விற்பதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று எத்தில் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக ஈ.எம்.ஏ. இன்னொன்று மெத்தில் மெத்தாக்ரிலேட். சுருக்கமாக எம்.எம்.ஏ. பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பொருள் வேறு. தமிழில் பல் என்று எழுதுகிறோம். நடுவில் ஒரு கால் போட்டால் பால் ஆகிவிடுகிறது. அது மாதிரி. எம்.எம்.ஏ. மலிவு. பல் செட்டுக்கு ஏற்றது. நகத்துக்கு ஏற்றது அல்ல. அதில் செய்த நகம் மிகவும் கடினமாக இருக்கும். எங்காவது மோதினால் ஒட்டு நகம் உடையாது. அடியில் இருக்கும் சொந்த நகத்தையே பெயர்த்துவிடும். 1970களில் அமெரிக்க அரசுக்கு இப்படிப்பட்ட புகார்கள் நிறைய வந்தன. நகம் கோணியது, தோல் வெந்தது என்று பெண்கள் முறையிட்டார்கள். அந்த நாட்டு உணவு, மருந்துத் துறை நீதிமன்றம் போனது. எம்.எம்.ஏ. மட்டுமே உள்ள நக லிக்விடுகளைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது.

பாட்டிலில் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கும். பயப்படாதீர்கள். முதல் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பாருங்கள். நேராக நிற்கும் ஒரு கோடு, அதில் வலது பக்கம் மூன்று பல். சீப்பு மாதிரி இருக்கும். அது ஈ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மலை உச்சி, நடுவில் ஒரு பள்ளம். அது எம். இரண்டாவது சொல் இரண்டு பாட்டிலிலும் மலையில்தான் தொடங்கும். அதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். முதல் சொல் சீப்பில் தொடங்குகிறதா, மலையில் தொடங்குகிறதா? அதுதான் கேள்வி. சீப்பு என்றால் எடுக்கலாம். மலை என்றால் வேண்டாம்.

2020 ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள்படி, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மேலே எழுத வேண்டும். செய்தவர் பெயரும் முகவரியும் வேண்டும். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்றும் வேண்டும். ஒன்றுமே எழுதாத பாட்டில் மொத்தக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடிக்கும். அதை வாங்கி வரச் சொன்னால், இதில் ஒன்றும் எழுதவில்லையே என்று எடுத்துக் காட்டுங்கள். ஈ.எம்.ஏ. என்றாலும் தோலில் படக் கூடாது. அதுவும் ஒவ்வாமை தரும்.

சரி, இப்போது இறுகிப்போன பழைய பிரஷைச் சரி செய்வது எப்படி என்று பார்ப்போம். நீங்கள் எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரிகிறது.

முதலில் பிரஷை வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் மட்டும் இறுகியிருக்கிறதா? நல்ல நம்பிக்கை உண்டு. நடு வயிறு வரை இறுகியிருக்கிறதா? முயன்று பார்க்கலாம். பூணுக்குள்ளேயே போய்விட்டதா? கட்டையைப் பிடித்து முடியின் அடியை அழுத்தினால் தெரியும். கட்டி மாதிரி இருக்கும். அதைச் சரி செய்ய முடியாது. நேரத்தையும் லிக்விடையும் வீணாக்க வேண்டாம். முதலாளியிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஜன்னலைத் திறவுங்கள். கையுறை போடுங்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று எடுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம். சில பிளாஸ்டிக் லிக்விடில் கரைந்துவிடும். முடி மூழ்கும் அளவுக்கு மட்டும் லிக்விட் ஊற்றுங்கள். பூண் மூழ்கக் கூடாது. பூணுக்குள் பசை இருக்கிறது. லிக்விட் அதை இளக்கினால் முடி கொத்தாகக் கழன்று வரும். பிரஷை அப்படியே கிண்ணத்தில் நிறுத்தாதீர்கள். நுனி அடியில் இடித்து வளைந்துவிடும். துணி காயப்போடும் கிளிப்பைக் கட்டையில் மாட்டுங்கள். கிளிப்பைக் கிண்ணத்தின் வாயில் குறுக்காக வையுங்கள். பிரஷ் அந்தரத்தில் தொங்கும். முடி மட்டும் நனையும். கிண்ணத்தின் வாயை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

இறுகி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தால் கால் மணி நேரம் ஊறினால் இளகும். பழைய கட்டி என்றால் சில மணி நேரம் ஆகும். அது கரைந்து ஓடாது. ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழ என்று ஆகும். அப்போது வெளியே எடுங்கள். துணியில் ஒற்றுங்கள். நகம் தள்ளும் மரக்குச்சியை எடுத்து, பூண் பக்கத்திலிருந்து நுனிக்கு மெல்லச் சீவுங்கள். சிக்குப் பிடித்த குழந்தையின் தலையை எப்படிச் சீவுவீர்கள்? அந்தப் பொறுமை வேண்டும். வந்தவரை வரட்டும். வராததைப் பிடுங்காதீர்கள். மறுபடி ஊற வையுங்கள். மறுபடி சீவுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம்.

இந்த வேலையை வீட்டுக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். நம்மில் பலருக்கு வீடு என்றால் ஒரே அறை. அங்கேதான் அடுப்பு. அங்கேதான் குழந்தை தூங்கும். ராத்திரி முழுவதும் லிக்விட் கிண்ணம் அங்கே இருக்கக் கூடாது. பிரஷ் போனால் போகட்டும்.

"அக்கா, அசிட்டோனில் போட்டால் நொடியில் கரையுமே?" என்று ஒரு தங்கை கேட்கிறாள். கரையும். உண்மைதான். ஆனால் முடியில் உள்ள எண்ணெய்ப் பசையையும் அது உறிஞ்சிவிடும். முடி வறண்டு வைக்கோல் ஆகும். நாலு தடவை ஊற வைத்தும் நுனியில் ஒரு பொட்டு நிற்கிறது என்றால், அந்தப் பொட்டுக்கு மட்டும் அசிட்டோன் தொட்டு ஒற்றலாம். உடனே லிக்விடில் நனைத்து எடுக்க வேண்டும். பிரஷ் கிளீனர் என்று விற்கும் பாட்டில்களிலும் பலவற்றில் அசிட்டோன் உண்டு. அதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் லிக்விடில் நனைத்து வையுங்கள்.

சுத்தமான பிரஷைக் கடைசியாக ஒருமுறை புது லிக்விடில் நனையுங்கள். துணியின் மேல் உருட்டி நுனியைக் கூட்டுங்கள். படுக்கை வாட்டில் வையுங்கள். முடி மேலே பார்க்க டம்ளரில் நிறுத்தாதீர்கள். லிக்விட் கீழே இறங்கிப் பூணுக்குள் போகும். முடி நன்றாக விரிந்திருந்தால், நுனியைக் கூட்டிய பிறகு மெல்லிய காகிதத்தைச் சுற்றி லேசாக நூல் கட்டி ஓர் இரவு விடலாம். ஓரளவு சேரும். புதுசு மாதிரி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரில் ஊதிப்போன பிரஷ் பெரும்பாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஒன்றிரண்டு முடி மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால், அந்த முடியை மட்டும் அடியோடு சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். நுனியைச் சமமாக வெட்டாதீர்கள். நுனியில்தான் அதன் விலையே இருக்கிறது.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு காகிதத்தின் மேல் ஓர் உருண்டை எடுத்து வைத்துப் பாருங்கள். உருண்டை முழுசாக வந்து, பிரஷ் தூக்கியதும் நுனி மறுபடி கூடினால் சரி. முடியில் இழுபட்டு வால் விட்டால் உள்ளே இன்னும் கட்டி இருக்கிறது.

கிண்ணத்தில் மிஞ்சிய லிக்விடைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். அதில் பவுடர் கலந்திருக்கும். முழுப் பாட்டிலும் கெடும். கழுவும் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். டிஷ்யூவில் உறிஞ்சி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

புதுப் பிரஷைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கடையிலிருந்து வரும்போது முடி விறைப்பாக இருக்கும். பழுது அல்ல. வடிவம் கலையாமல் இருக்கப் பசை போட்டிருப்பார்கள். லிக்விட் படாத அந்த நேரத்தில் மட்டும் சுத்தமான, உலர்ந்த விரலால் மெல்ல உருட்டலாம். பசை பொடியாக உதிரும். துணியில் தட்டி எடுங்கள். பிறகு லிக்விடில் நனைத்து நுனியைக் கூட்டுங்கள். அதற்கு மேல் விரல் படக் கூடாது. ஜெல் வேலைக்கு வேறு பிரஷ் உண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஜெல் ஒட்டிய பிரஷ் விளக்கு வெளிச்சத்தில் இறுகும். அக்ரிலிக் பிரஷுக்கு அது தேவையில்லாத வம்பு. புண், சீழ், நிறம் மாறிய நகம் உள்ளவருக்குப் பிரஷ் வைக்கவே கூடாது. லிக்விடில் நனைத்தால் கிருமி செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை. உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரஷுக்கு ஒதுக்குங்கள். பிரஷின் கட்டையில் ஓர் எண் இருக்கும். 8, 10, 12 என்று. அது முடியின் பருமனைச் சொல்வது. அந்த எண்ணை எழுதுங்கள். எந்தத் தேதியில் புதிதாக எடுத்தார்கள் என்று எழுதுங்கள். காலையில் வந்ததும் பிரஷைப் பாருங்கள். நுனி இறுகியிருந்தால், "இன்று காலையிலேயே இறுகியிருந்தது" என்று தேதி போட்டு எழுதி, நகம் வைக்கும் அக்காவிடம் அப்போதே காட்டுங்கள். மாதக் கடைசியில் பேச்சு வந்தால், நேற்று வரை பேனா பிடிக்காத கையால் எழுதிய அந்தப் பக்கத்தை எடுத்து வைக்கலாம். பிழையாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை. தேதி சரியாக இருக்கட்டும்.

பழைய பிரஷ் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். ஏழெட்டுப் பேர் கொண்டு வந்திருக்கிறீர்கள். ஜன்னல் ஓர மேஜைக்கு வாருங்கள். கையுறைப் பெட்டி அங்கே இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஊதுவத்தி எரிந்தால் யாராவது அணைத்துவிட்டு வாருங்கள். பூண் வரை இறுகிய பிரஷ் யாரிடம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.